புவேனோ: ஸ்பானிய மொழியின் ‘நல்ல’

‘சூப் நல்லது’ என்பது ஒரு பேச்சு, ‘சூப் நல்லா இருக்கு’ என்பது வேறு பேச்சு. காய்ச்சலில் படுத்திருப்பவரிடம் முதலாவதைச் சொல்லலாம். அதற்குச் சூப்பைக் கண்ணால் பார்த்திருக்கக்கூட வேண்டாம். இரண்டாவதைச் சொல்ல ஒரு வாயாவது குடித்திருக்க வேண்டும். தமிழ் பேசுகிற யாரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. ஸ்பானிய மொழியிலும் இதே இரண்டு பேச்சு உண்டு. ‘லா சோப்பா எஸ் புவேனா’ என்றால் சூப் நல்லது. ‘லா சோப்பா எஸ்தா புவேனா’ என்றால் சூப் நல்லா இருக்கு.

நம்மில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் படிப்பது ஆங்கிலம் வழியாகத்தான். ஆங்கிலத்தில் இந்த இரண்டு வாக்கியத்துக்கும் ஒரே வினைச்சொல். அதனால் பாடப்புத்தகம் இந்த இடத்துக்கு வந்ததும் பெரிய எச்சரிக்கையோடு ஆரம்பிக்கிறது. ‘செர்’ (மேலே ‘எஸ்’ என்று வந்தது), ‘எஸ்தார்’ (மேலே ‘எஸ்தா’ என்று வந்தது) என்ற இரண்டு வினைகளும் கடினமானவை, இவற்றைப் பிடிக்க வருடக்கணக்கில் ஆகும் என்று சொல்கிறது. அது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கான எச்சரிக்கை. அதைத் தமிழ் மாணவர்கள் தங்களுக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டு பயப்படுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ‘புவேனோ’ என்ற ஒரே ஒரு பெயரடையை எடுத்துக்கொண்டு, நம் ‘நல்ல’ அதற்குள் எவ்வளவு தூரம் நம்மைக் கூட்டிக்கொண்டு போகும், எந்த இடத்தில் வழி தவறவிடும் என்று பார்க்கலாம்.

முதலில் சொல்லின் உருவம். புவேனோ இரண்டே அசை: ‘ப்வே’, ‘னோ’. முதல் எழுத்தைப் ‘பந்து’ என்பதில் வருகிற மாதிரி அழுத்திச் சொல்லாமல், ‘கம்பு’ என்பதில் வருகிற மாதிரி மென்மையாகச் சொல்ல வேண்டும். ஆண்பாலுக்குப் புவேனோ, பெண்பாலுக்குப் புவேனா, பன்மையில் புவேனோஸ், புவேனாஸ். ஸ்பானிய மொழியில் உயிரில்லாத பொருளுக்கும் பால் உண்டு என்பதால் சூப் பெண், ரொட்டி ஆண். பெயருக்கு ஏற்றபடி அடையும் மாற வேண்டும்.

இதன் மூலம் லத்தீனின் ‘போனுஸ்’. அதே வேரிலிருந்துதான் பிரெஞ்சின் ‘போன்’, இத்தாலியனின் ‘புவோனோ’, போர்ச்சுகீசியத்தின் ‘போம்’ எல்லாம் வந்தன. லத்தீனில் ‘ஒ’ என்று குறிலாக இருந்த உயிர், அழுத்தம் விழுகிற அசையில் வந்தால் ஸ்பானியத்தில் ‘உவே’ என்று விரிந்துவிடும். போர்த்தா என்ற கதவு புவெர்த்தா ஆனதும், போனுஸ் புவேனோ ஆனதும் ஒரே விதிப்படி. அழுத்தம் வேறு அசைக்கு நகர்ந்துவிட்டால் பழைய ‘ஒ’ திரும்பி வந்துவிடும். அதனால்தான் நல்லது புவேனோ, நற்குணம் ‘போந்தாத்’. ‘மிக மிக நல்ல’ என்பதற்கு இன்று எல்லாரும் ‘புவேனீசிமோ’ என்கிறார்கள். பழைய, இலக்கிய வடிவம் ‘போனீசிமோ’. ‘என்னால் முடியும்’ என்பது ‘புவேதோ’, ‘எங்களால் முடியும்’ என்பது ‘போதேமோஸ்’ என்று வினை அட்டவணையை மனப்பாடம் செய்து களைத்தவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கும். அங்கே நடப்பதும் இதே அழுத்த விளையாட்டுதான்.

சரி, இப்போது அந்த இரண்டு வினைகள். ‘அவர் நல்லவர்’ என்று நாம் சொல்லும்போது அந்த வாக்கியத்தில் வினையே இல்லை. ‘அவர் நல்லா இருக்கார்’ என்னும்போது ‘இரு’ வருகிறது. ‘நல்ல’வைப் பொறுத்தவரை, தமிழில் வினை இல்லாத இடத்தில் ஸ்பானியத்தில் செர் வருகிறது, தமிழில் ‘இரு’ வருகிற இடத்தில் எஸ்தார் வருகிறது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ‘எஸ் புவேனோ’ என்றால் அவர் நல்லவர். குடிக்கிற பால் விஷயத்திலும் அப்படியே. ‘எஸ்தா புவேனா’ என்றால் பால் கெடவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. ‘எஸ்தா மாலா’ என்றால் கெட்டுப்போய்விட்டது. மாலோ, மாலா என்பது புவேனோவின் எதிர்ச்சொல். ஆளைப் பற்றி ‘எஸ் மாலோ’ என்றால் கெட்டவன். ‘எஸ்தா மாலோ’ என்றால், ஸ்பெயினில், உடம்பு சரியில்லை. கெட்டவனையும் உடம்பு கெட்டவனையும் தமிழும் இப்படித்தான் ஒரே வேரிலிருந்து பிரித்துவைக்கிறது.

எஸ்தார் வந்த வழியும் அழகானது. லத்தீனில் ‘ஸ்தாரே’ என்றால் நிற்பது. நிற்பதைச் சொன்ன வினை, ஒருவர் இப்போது எந்த நிலையில் நிற்கிறார் என்பதைச் சொல்வதாக மாறிவிட்டது. தமிழில் ‘நில்’ என்பதிலிருந்து ‘நிலை’ வந்த மாதிரியேதான். இரண்டு மொழிக்கும் உறவு கிடையாது. ஆனாலும் இரண்டும் ஒரே யோசனையில் வந்து சேர்ந்திருக்கின்றன.

பல பாடப்புத்தகங்கள் இதைச் ‘செர் என்றால் நிரந்தரம், எஸ்தார் என்றால் தற்காலிகம்’ என்று சுருக்கிச் சொல்லிவிடுகின்றன. இந்தச் சுருக்கத்தை நம்பாதீர்கள். ஸ்பானியத்தில் ‘அவர் இறந்துவிட்டார்’ என்பது ‘எஸ்தா முவெர்த்தோ’, அதாவது எஸ்தார். சாவைவிட நிரந்தரமானது எது? மாறாக, ‘அவள் மாணவி’ என்பதற்குச் செர் வருகிறது. யாரும் ஆயுள் முழுக்க மாணவியாக இருப்பதில்லை. காலக்கணக்கு இங்கே உதவாது. ஒன்றை ‘இது இன்னது’ என்று வகைப்படுத்துகிறோமா, அல்லது ‘இது இந்த நிலையில் இருக்கிறது’ என்று பார்த்துச் சொல்கிறோமா என்பதே கணக்கு. நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்குக்கூட ஸ்பானியம் செர் போடுகிறது, பொருள் இருக்கும் இடத்துக்கு எஸ்தார் போடுகிறது. ‘கல்யாணம் மதுரையில்’, ‘வீடு மதுரையில் இருக்கு’ என்று சொல்லிப் பாருங்கள். நம் வாய் ஏற்கெனவே அந்த வழியில்தான் போகிறது.

ஆனால் எல்லாப் பெயரடைக்கும் இந்தத் துணை கிடைக்காது. ‘அவர் உயரமா இருக்கார்’ என்று தமிழில் ‘இரு’ போட்டுத்தான் சொல்கிறோம். ஸ்பானியத்தில் அது ‘எஸ் ஆல்த்தோ’, அதாவது செர். நிறம், உயரம், அழகு, புத்திசாலித்தனம் இவற்றுக்கெல்லாம் நாம் ‘ஆ’ சேர்த்து ‘இரு’ போடுகிறோம். ஸ்பானியர்கள் வழக்கமாகச் செர் போடுகிறார்கள். புவேனோவுக்கு மட்டும் தமிழ் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதற்குக் காரணம், ‘நல்லவர்’, ‘நல்லது’ என்ற பெயர்கள் நம்மிடம் தயாராக இருப்பதுதான்.

‘நல்லா’ என்ற சொல்லில்தான் தமிழ் நம்மைத் தவறான வழியில் விடும். ‘நல்லா பாடுறா’, ‘நல்லா இருக்கேன்’, ‘சாப்பாடு நல்லா இருக்கு’ என்று எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே ‘நல்லா’. ஸ்பானியத்தில் முதல் இரண்டுக்கும் ‘பியென்’ என்ற வினையடை வர வேண்டும், மூன்றாவதற்குப் புவேனோ வர வேண்டும். ‘காந்தா பியென்’, நன்றாகப் பாடுகிறாள். ‘எஸ்தோய் பியென்’, நன்றாக இருக்கிறேன். ‘லா கொமீதா எஸ்தா புவேனா’, சாப்பாடு நன்றாக இருக்கிறது.

இதை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்தில் ‘கோமோ எஸ்தாஸ்’ என்று நலம் விசாரித்தால், அகராதியில் ‘நல்ல’வுக்குப் புவேனோ என்று பார்த்துவைத்த மாணவர் ‘எஸ்தோய் புவேனோ’ என்று சொல்வது சகஜம். பல நாடுகளில், குறிப்பாக ஸ்பெயினில், ஒரு ஆளைப் பற்றி எஸ்தாரும் புவேனோவும் சேர்ந்து வந்தால் உடல் கவர்ச்சியைத்தான் குறிக்கும். பார்க்கிறவர் ஆசைப்படும்படி இருக்கிறேன் என்று தன்னைப் பற்றியே சொன்னதாக ஆகிவிடும். நண்பர்கள் கூட்டத்தில் புழங்குகிற, கொஞ்சம் கொச்சையான பேச்சு இது. மேலதிகாரியிடமோ தோழியின் தாயாரிடமோ சொல்லத் தக்கதல்ல.

இதற்குள் இன்னொரு பழைய பொருளும் உயிரோடு இருக்கிறது. நோயிலிருந்து மீண்டவரைப் பற்றி ‘யா எஸ்தா புவேனோ’ என்றால், இப்போது குணமாகிவிட்டார் என்று அர்த்தம். ‘போனெர்சே புவேனோ’ என்றால் உடம்பு தேறுவது. காய்ச்சல் விட்ட பிள்ளையைப் பற்றி ஒரு பாட்டி ‘எல் நின்யோ யா எஸ்தா புவேனோ’ என்றால் அதில் விகாரம் எதுவும் இல்லை. ‘யா’ என்ற ‘இப்போது, ஆகிவிட்டது’ சொல்லும், யார் யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பதும்தான் பொருளைத் தீர்மானிக்கின்றன. கற்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் நலத்தைச் சொல்ல எப்போதும் பியென் போடுங்கள்.

சாப்பாட்டு மேசையில் இதற்கு நேர்மாறான கவனம் தேவை. விருந்துக்கு அழைத்தவர் ‘சாப்பாடு எப்படி’ என்று கேட்கும்போது ‘எஸ்தா பியென்’ என்று சொன்னால், ‘பரவாயில்லை’ என்ற அளவில்தான் அது காதில் விழும். காலையிலிருந்து அடுப்படியில் நின்றவருக்கு அது போதாது. ‘எஸ்தா புவேனோ’, ‘எஸ்தா புவேனீசிமோ’ என்றால்தான் ருசியைப் பாராட்டியதாக ஆகும். ஆளுக்குப் பியென், சோற்றுக்குப் புவேனோ என்று நினைவில் வைத்துக்கொண்டால் இரண்டு சங்கடத்திலிருந்தும் தப்பலாம்.

அடுத்தது, சொல் நிற்கும் இடம். தமிழில் பெயரடை எப்போதும் பெயருக்கு முன்னால்தான். ஸ்பானியத்தில் பெரும்பாலும் பின்னால். ஆனால் புவேனோ இரண்டு பக்கமும் நிற்கும், நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பொருளின் சாயல் மாறும். ஆண்பால் ஒருமைப் பெயருக்கு முன்னால் வந்தால் கடைசி ‘ஓ’ உதிர்ந்து வெறும் ‘புவேன்’ ஆகிவிடும். ‘உன் புவேன் மேதிகோ’ என்றால் தொழிலில் கெட்டிக்காரரான மருத்துவர். ‘உன் மேதிகோ புவேனோ’ என்றால் அதே பொருளும் வரலாம், மனிதராக நல்லவர் என்ற பொருளும் வரலாம். முன்னால் நிற்கும் புவேன் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு, மருத்துவர் என்ற முறையில் எப்படி என்று பேசுகிறது. பின்னால் நிற்கும் புவேனோ பலருக்கு நடுவே ஒருவரைப் பிரித்துக் காட்டுகிறது. நாமும் ‘நல்ல டாக்டர்’ என்றால் கைராசியையும் திறமையையும்தான் சொல்கிறோம். மனசைச் சொல்ல வேண்டுமென்றால் ‘அந்த டாக்டர் ரொம்ப நல்லவர்’ என்று வாக்கியத்தைத் திருப்பிப் போடுகிறோம்.

இந்த வால் உதிர்வது புவேனோவுக்கு மட்டும் உரியதில்லை. கெட்ட என்ற மாலோ ‘மால்’ ஆகும். பெரிய என்ற கிராந்தே ‘கிரான்’ ஆகும், அதுவும் இரு பாலுக்கும். கிராந்தேயில் இடத்தின் விளைவு இன்னும் கூர்மை: ‘உன் கிரான் ஓம்ப்ரே’ மாமனிதர், ‘உன் ஓம்ப்ரே கிராந்தே’ உருவத்தில் பெரிய ஆள்.

உதிர்ந்ததும் உதிராததும் ஒரே ஊரின் பெயரில் இருக்கிறது. அர்ஜென்டினாவின் தலைநகரைத் தமிழ்ப் பத்திரிகைகள் ஆங்கிலத்தைப் பின்பற்றிப் பியூனஸ் அயர்ஸ் என்று எழுதுகின்றன. ஸ்பானியத்தில் அது புவேனோஸ் அய்ரேஸ், ‘நல்ல காற்றுகள்’. 1536-இல் பெத்ரோ தெ மெந்தோசா அங்கே முதல் குடியேற்றத்தை அமைத்தபோது வைத்த பெயரில் ஒருமைதான் இருந்தது: ‘புவேன் அய்ரே’, நல்ல காற்று. நல்ல காற்றின் மாதாவின் பெயர் அது. இத்தாலியின் சார்தீனியா தீவில் காலியாரி நகரத்திலுள்ள போனாரியா மாதா கடலோடிகளின் காவல் தெய்வம். அந்தப் பெயரின் ஸ்பானிய வடிவம் இது. பாய்மரக் காலத்தில் நல்ல காற்று என்பது உயிர்ப் பிரச்சினை. முதல் குடியேற்றம் 1541-இல் கைவிடப்பட்டது. 1580-இல் ஹுவான் தெ கராய் ஊரை மறுபடி நிறுவினார். அப்போது துறைமுகத்தின் பெயரில் பன்மை வந்தது. பன்மையில் வால் உதிராது என்பதால் புவேன் மறுபடி புவேனோஸ் ஆனது.

கடலோடிகள் இந்த வேரிலிருந்து இன்னொரு சொல்லையும் வைத்திருக்கிறார்கள்: ‘போனான்சா’, அதாவது அமைதியான கடல். இதன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அலையற்ற கடலுக்கு லத்தீனில் கிரேக்கத்திலிருந்து வாங்கிய ‘மலாக்கியா’ என்ற சொல் இருந்தது. அதன் மூலப்பொருள் மென்மை. ஆனால் ‘மல’ என்ற ஒலி, கெட்டது என்பதற்கான லத்தீன் சொல்லான ‘மாலுஸ்’ போலக் கேட்டது. நல்ல விஷயத்துக்குக் கெட்ட ஒலியா என்று மக்கள் நாக்கு அதை ஒதுக்கி, தொடக்கத்தில் போனுஸை ஒட்டவைத்துக்கொண்டது. அங்கிருந்து ஸ்பானியப் போனான்சா. பிறகு சுரங்கத் தொழிலாளர்கள் வளமான தாதுப் படிவத்துக்கும் அதே பெயரை வைத்தார்கள். அந்தப் பொருளோடுதான் அது ஆங்கிலத்துக்குப் போனது.

பெயருக்குப் பின்னால் நிற்கும் புவேனோவுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. ஸ்பெயினின் பழைய அரசுகளில் ஒன்றான காஸ்தீயாவில், இடைக்காலத்தில், ‘ஓம்ப்ரேஸ் புவேனோஸ்’, நல்ல மனிதர்கள் என்றால் ஊரில் மதிப்புள்ள, வழக்குத் தீர்க்கத் தகுந்த ஆட்கள். அந்தப் பெயரைத் தாங்கிய அவை இன்றும் ஸ்பெயினின் முர்சியாவில் இருக்கிறது. முர்சியாவின் பாசன நிலங்களில் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டைகளை அது வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறது. 7 பேர் கொண்ட அந்த அவைக்கு ஸ்பானியச் சட்டத்தின் அங்கீகாரம் உண்டு. 2009-இல் யுனெஸ்கோ அதையும் வலென்சியாவின் தண்ணீர் நீதிமன்றத்தையும் சேர்த்து மானுடத்தின் தொட்டுணர முடியாத பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. ஆங்கிலப் பட்டியலில் அதன் பெயர் ‘ஞானவான்கள் அவை’ என்று மாறியிருக்கிறது. மொழிபெயர்த்தவரின் சிக்கல் எனக்குப் புரிகிறது. ‘நல்ல மனிதர்கள்’ என்று எழுதினால் ஆங்கிலத்தில் சாதுவான ஆட்கள் என்றாகிவிடும். ஆனாலும் இழப்பு இழப்புதான். தண்ணீரைப் பங்கு பிரிப்பவரிடம் அந்த ஊர் கேட்டது அறிவை மட்டுமல்ல, யார் பக்கமும் சாயாத நேர்மையை. ‘நாலு பெரிய மனுஷங்களை வைத்துப் பேசுவோம்’ என்று நம் ஊரில் சொல்லும்போது அந்தப் ‘பெரிய’வுக்குள் உயரமும் வயதும் தாண்டி என்ன இருக்கிறதோ, அது அந்தப் புவேனோஸுக்குள் இருக்கிறது.

இடைக்காலப் புவேனோவுக்குள் வீரமும் விசுவாசமும்கூட அடக்கம். 1294-இல் தென்முனைக் கோட்டையான தாரிஃபாவை முற்றுகையிட்டவர்கள், கோட்டைத் தலைவரான அலோன்சோ பேரெஸ் தெ குஸ்மானின் மகனைப் பிடித்துவைத்துக்கொண்டு, சரணடையாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று மிரட்டினார்கள். கோட்டையைத் தர மறுத்த குஸ்மான், வேண்டுமானால் இதை வைத்துக் கொல்லுங்கள் என்று தன் கத்தியையே மதில்மேலிருந்து எறிந்தார் என்பது மரபுக் கதை. மகன் கொல்லப்பட்டான், கோட்டை நின்றது. வரலாறு அவரைக் ‘குஸ்மான் எல் புவேனோ’, நல்ல குஸ்மான் என்று அழைக்கிறது. மாத்ரித் மெட்ரோவில் அவர் பெயரில் ஒரு நிலையமே உண்டு. இந்த இடத்தில் புவேனோவை ‘அன்பான’ என்று மொழிபெயர்க்க முடியாது. அரசனிடம் கொடுத்த வாக்கிலிருந்து வழுவாதவர் என்ற பொருளில்தான் அவர் நல்லவர். அந்த நன்மையை இன்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சொல் ஒரு காலத்தில் எதையெல்லாம் சுமந்தது என்று தெரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

பிற்காலத்தில் அதே வேர் வேறு பக்கமும் சாய்ந்தது. யார் என்ன சொன்னாலும் தலையாட்டும் வெள்ளந்தி ஆளை ‘புவேனாசோ’ என்பார்கள், ‘போனாச்சோன்’ என்பார்கள். உண்மையான நல்ல மனம் படைத்தவருக்கு ஒரு சொலவடை உண்டு: ‘மாஸ் புவேனோ கே எல் பான்’, ரொட்டியைவிட நல்லவர். கோதுமை நாட்டில் ரொட்டிக்குத்தான் அந்த இடம். இலக்கணப்படி ‘இன்னும் நல்ல’ என்பதற்கு ‘மெஹோர்’ என்ற தனிச்சொல் இருக்கிறது. தரத்தை ஒப்பிடும்போது அதைத்தான் சொல்ல வேண்டும். குணத்தைச் சொல்லும்போது மட்டும் ‘மாஸ் புவேனோ’வைப் பேச்சு வழக்கு அனுமதிக்கிறது.

அளவைக் குறிக்கும் புவேனோதான் தமிழுக்கு மிக நெருக்கமானது. ‘நல்ல மழை’, ‘நல்ல பசி’, ‘நல்ல அடி’ என்று நாம் சொல்லும்போது அங்கே நன்மை எதுவும் இல்லை, கனம்தான் இருக்கிறது. ஸ்பானியர்களும் ‘உன் புவேன் ராத்தோ’ என்பார்கள், வெகுநேரம். ‘உன் புவேன் சூஸ்தோ’, நல்ல பயம். ‘உனா புவேனா பலீசா’, நல்ல உதை. எல்லாமே பெயருக்கு முன்னால். செய்யக்கூடாததைச் செய்துவிட்டு வந்த பிள்ளையிடம் நம் வீட்டில் ‘நல்ல காரியம் பண்ணினே போ’ என்பதும், அங்கே ‘புவேனா லா ஆஸ் எச்சோ’ என்பதும் ஒரே தொனி.

அப்புறம் நேரம். ஸ்பெயினில் பரீட்சையில் தேறியவரையும் குழந்தை பெற்றவரையும் வாழ்த்தும் சொல் ‘எனோராபுவேனா’. பிரித்தால் ‘என் ஓரா புவேனா’, நல்ல நேரத்தில். பஞ்சாங்கம் பார்த்து வளர்ந்த காதுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிறந்த நேரம் ஒருவரின் வாழ்வைத் தீர்மானிக்கிறது என்ற நம்பிக்கை இடைக்கால ஐரோப்பாவிலும் வலுவாக இருந்தது. ஸ்பானிய மொழியின் பழைய வீரகாவியமான சித்தின் காவியம் தன் நாயகனைத் திரும்பத் திரும்ப ‘நல்ல நேரத்தில் பிறந்தவன்’ என்றும், ‘நல்ல நேரத்தில் வாளைக் கட்டியவன்’ என்றும் அழைக்கிறது. அதில் வருவது ‘புவேன் ஓரா’. ஓரா பெண்பால் என்பதால் இன்றைய இலக்கணப்படி அது ‘புவேனா ஓரா’ என்றுதான் இருக்க வேண்டும். வால் உதிரும் விதி இன்றைய வடிவத்தில் இறுகுவதற்கு முந்தைய தடயம் அது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ‘நோச்செபுவேனா’, நல்ல இரவு. மெக்சிகோவில் அந்தப் பருவத்தில் சிவப்பு இலைகளோடு பூக்கும் செடிக்கும் அதே பெயர். புதினா ‘யெர்பாபுவேனா’, நல்ல மூலிகை. இன்றைய சான் பிரான்சிஸ்கோ, அங்கே மண்டிக்கிடந்த ஒரு மணமுள்ள செடியால் 1847 வரை யெர்பா புவேனா என்றே அழைக்கப்பட்டது.

வணக்கங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. காலையில் ‘புவேனோஸ் தீயாஸ்’, பிற்பகலில் ‘புவேனாஸ் தார்தெஸ்’, இரவில் ‘புவேனாஸ் நோச்செஸ்’. நாள் என்ற ‘தீயா’ ஆகாரத்தில் முடிந்தாலும் ஆண்பால் என்பதால் புவேனோஸ். வாழ்த்தைப் பன்மையில் சொல்வது ஸ்பானிய வழக்கம், நன்றிக்கான ‘கிராசியாஸ்’கூடப் பன்மைதான். அர்ஜென்டினாவில் ஒருமையில் ‘புவேன் தீயா’ என்றே பரவலாகச் சொல்கிறார்கள். எந்த நேரம் என்று யோசிக்க விரும்பாதவர்கள் வெறும் ‘புவேனாஸ்’ என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் நுழைகிறார்கள்.

ஸ்பானியம் பேசுகிறவர் ஒருவரோடு பத்து நிமிடம் இருந்தால், பெயரடையாக வரும் புவேனோவைவிட அதிகமாகக் காதில் விழுவது வேறொரு புவேனோ. ‘புவேனோ, மே வோய்’, சரி, நான் கிளம்புகிறேன். ‘புவேனோ, புவேனோ’, சரி சரி, விடு. ‘புவேனோ...’ என்று இழுத்தால் தயக்கம், இல்லை என்று சொல்லத் தயாராகிறார். ‘அவர் மருத்துவர், புவேனோ, பல் மருத்துவர்’ என்றால் ‘அதாவது’ என்று தன்னைத் திருத்திக்கொள்கிறார். இது நம் ‘சரி’. சில வீடுகளில் பெரியவர்கள் பேச்சை முடிக்கும்போது ‘நல்லது, அப்போ பார்ப்போம்’ என்கிற அந்த ‘நல்லது’ இன்னும் நெருக்கம். இந்தப் புவேனோவுக்குப் பாலும் இல்லை, எண்ணும் இல்லை. பேசுகிறவர் பெண்ணானாலும் புவேனா என்று மாறாது, புவேனோவாகவே நிற்கும். பெயரைத் தழுவி நின்ற அடை, பேச்சைத் தாங்கும் தூணாக உறைந்துவிட்டது. மெக்சிகோவில் தொலைபேசியை எடுத்ததும் ‘புவேனோ?’ என்று கேட்கிறார்கள். பழைய இணைப்பகக் காலத்தில் இணைப்பு நன்றாக இருக்கிறதா என்று விசாரித்ததன் மிச்சம் அது என்று அங்கே சொல்வார்கள். ஸ்பெயினில் அதே இடத்தில் ‘தீகா’, அதாவது சொல்லுங்கள்.

அலுவலகக் காகிதத்திலும் புவேனோ உண்டு. மேலதிகாரியின் ஒப்புதலுக்குப் பெயர் ‘வீஸ்தோ புவேனோ’, பார்த்தாயிற்று, சரி. பாலோ பெயரோ இல்லாமல் தனித்து நிற்பதற்கு இன்னொரு வழி ‘லோ’ என்ற சொல். ‘எல் புவேனோ’ நல்லவன், ‘லா புவேனா’ நல்லவள், ‘லோ புவேனோ’ நல்லது. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு இந்த லோ ஒரு தனி அத்தியாயம். நமக்கு ‘அது’ என்ற விகுதி போதும். ‘லோ புவேனோ எஸ் கே...’ என்றால் ‘நல்லது என்னவென்றால்...’ என்று வார்த்தைக்கு வார்த்தை வந்துவிடும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இது என் அனுபவத்தில் தமிழர்களிடம் கடைசி வரை போகாத பிழை. ‘நல்லா இருக்கு’ என்பதில் ‘நல்லா’ எதற்கும் மாறாது. சூப் நல்லா இருக்கு, பழங்கள் நல்லா இருக்கு, ரொட்டி நல்லா இருக்கு. அந்தப் பழக்கத்தில் ‘லாஸ் மன்சானாஸ் எஸ்தான் புவேனோ’ என்று வாயில் வந்துவிடுகிறது. ஆப்பிள் பெண்பால், பன்மை. எனவே எஸ்தான் புவேனாஸ். வினைக்கு இந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கம் நின்றாலும் அடை தன் பெயரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சந்தைக் கடைக்காரர்கள் கூவும் ‘புவேனோ, போனீத்தோ, பராத்தோ’, நல்லது, அழகானது, மலிவானது என்ற மூன்றையும் இதற்குப் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். சட்டையைக் காட்டி ஒருமுறை, ஆப்பிளைக் காட்டி ஒருமுறை, செருப்பைக் காட்டி ஒருமுறை என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் போனீத்தோவும் அதே போனுஸின் குறுமை வடிவம்தான். ‘சின்ன நல்லது’ என்று பிறந்து ‘அழகானது’ என்று வளர்ந்த சொல்.